களி சாப்பிட்டுச் செத்தவர்

கோரானிச் வீட்டுக் கொடி தரையில் விழுந்ததை வுகாஷின் தன் எழுபது வயதில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

தம்பி மகனின் கல்யாண ஊர்வலம் மலைப்பாதையில் பெண் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முதல் காரின் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, இடுப்புக்கு மேலே முழுக்க வெளியே நீட்டியபடி, அவருடைய மகன் ராஷ்கோ கொடியை வீசிக்கொண்டு வந்தான். கொடிக்காரன் அப்படித்தான் வர வேண்டும். காருக்குள் ஒழுங்காக உட்கார்ந்து கொடி பிடித்தவனுக்கு எங்கள் மலையில் பெண் கொடுக்க மாட்டார்கள். பின்னால் வந்த கார்களில் ஹார்ன் ஓயவில்லை. ஆளுக்கொரு துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு வளைவில் எதிரே ஆட்டு மந்தை வந்தது. ஓட்டியவன் பிரேக்கை மிதித்தான். ராஷ்கோ பின்பக்கமாகத் தார்ச்சாலையில் விழுந்தான். தலை பட்ட சத்தம் அடுத்த காரில் இருந்த வுகாஷினுக்குக் கேட்டது.

ஆட்கள் ஓடி வருவதற்குள் அவனே எழுந்துவிட்டான். முதலில் கொடியைத்தான் தேடினான். எடுத்துத் தூசியைத் தட்டி முத்தமிட்டான். கம்பின் நுனியில் சம்பிரதாயத்துக்குக் குத்தியிருந்த ஆப்பிள் உருண்டு போயிருந்தது; அதையும் தேடிப் பிடித்துத் திரும்பக் குத்தினான். சட்டைக் காலரில் கொஞ்சம் ரத்தம்.

"ரோட்டுக்கு ஒண்ணும் ஆகலையே, பாத்தீங்களா?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். வுகாஷினின் பெரியப்பா மகன் பிளகோத்தா, பங்காளிகளில் வாய் நீளமானவர், கோரானிச் மண்டை மலைப்பாறையில் செதுக்கியது என்று சொல்லி ஒரு மடக்குச் சாராயத்தை அவன் வாயில் ஊற்றினார். ராஷ்கோ மறுபடி ஜன்னலில் ஏறி உட்கார்ந்தான். வுகாஷின் மட்டும் சிரிக்கவில்லை.

பெண் வீட்டில் வழக்கப்படி நெட்டை மரத்தின் உச்சியில் ஆப்பிள் கட்டியிருந்தார்கள். அதைச் சுட்டு வீழ்த்தும்வரை பெண்ணை வெளியே விட மாட்டார்கள். மாப்பிள்ளைப் பக்கத்து ஆட்கள் மாறி மாறிச் சுட்டுக்கொண்டிருந்தபோது ராஷ்கோ பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டிறைச்சியும் மக்காச்சோளக் களியும் தட்டு நிறையச் சாப்பிட்டான். தலை வலிக்கிறது என்றான். வாந்தி எடுத்தான். வாதுமை மரத்தடியில் போய்ப் படுத்தான். சாராயம் வேலையைக் காட்டிவிட்டது என்று யாரோ அவன்மேல் ஒரு கோட்டைப் போர்த்திவிட்டுப் போனார்கள்.

பிறகு வுகாஷினுக்கு அந்தக் குறட்டை கேட்டது.

அந்தக் குறட்டையை அவர் சிறு பையனாக இருந்தபோது ஒருமுறை கேட்டிருக்கிறார். மேய்ச்சல் காட்டுச் சுனையில் யார் மந்தை முதலில் தண்ணீர் குடிப்பது என்ற தகராறில், அவருடைய அப்பா தோதோரின் தலையில் பெரிஷா மில்யாக் கல்லை எறிந்தான். தோதோர் விழவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தார். வரும் வழியில் சீட்டி அடித்ததாகக்கூடச் சொன்னார்கள். ஒரு தட்டு களியைத் தயிரோடு சாப்பிட்டார், மனைவியைக் கேலி செய்தார், தலை கனக்கிறது என்று படுத்தார். மரம் அறுப்பதுபோல ஒரு குறட்டை. விடிவதற்குள் அது நின்றுவிட்டது.

வழக்கு நடந்தது. கல்லடி பட்டவன் நடந்து வந்து தட்டு நிறையச் சாப்பிடுவானா என்று மில்யாக் வீட்டார் கேட்டார்கள். நீதிமன்றத்தில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரிஷா வீட்டுக்குப் போனான். அன்றிலிருந்து தோதோர் கோரானிச் களி தின்று செத்தவர் ஆனார். சந்தையில், சாராயக் கடையில், பள்ளிக்கூடத்தில், "உங்கப்பன் எத்தனை தட்டு தின்னான்?" என்ற கேள்வியைக் கேட்டுத்தான் வுகாஷின் வளர்ந்தார். வயது வந்ததும் துப்பாக்கியை எடுத்து ரத்தத்துக்கு ரத்தம் வாங்கும்படி பங்காளிகள் சொன்னார்கள். அவர் மறுத்தார். பெரிஷாவைக் கொன்றால் களிதான் கொன்றது என்ற பேச்சு அப்படியே நிலைத்துவிடும். தனக்கு வேண்டியது ரத்தம் அல்ல, கல்தான் கொன்றது என்று அந்த வீட்டு வாயிலிருந்து ஒரு வார்த்தை என்றார். கோழை என்றார்கள். அதையும் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டார். பெரிஷா முதுமையில் படுக்கையிலேயே செத்தான். அவன் மகன் ஓப்ரெனிடமிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை. இரண்டு வீடுகளும் ஒரே சுனையில் தண்ணீர் எடுத்தன; ஒரு நாளும் முகம் பார்க்கவில்லை.

வாதுமை மரத்தடிக்குப் போய் மகனை உலுக்கினார். அவன் எழவில்லை. இமையை விலக்கிப் பார்த்தார். ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக விரிந்து கிடந்தது.

"பிளகோத்தா, காரை எடு."

பிளகோத்தா தயங்கினார். மரத்தில் ஆப்பிள் இன்னும் தொங்குகிறது, பெண் இன்னும் வெளியே வரவில்லை, இந்த நேரத்தில் கொடிக்காரன் போனால் மாப்பிள்ளைக்கு ஆயுசுக்கும் கெட்ட பேர் என்றார்.

"எந்தப் பேரா இருந்தாலும் எம்மேல எழுது. காரை எடுடா."

கொடியை அருகில் நின்ற பங்காளி ஒருவனிடம் திணித்துவிட்டு, மகனைத் தாமே தோளில் தூக்கினார். பிளகோத்தாவின் வாய் எப்படியோ, கை நல்ல கை. அந்தக் கொண்டையூசி வளைவுகளில் அவரைப்போல யாரும் ஓட்ட முடியாது. சாயங்கால வெயில் மறையுமுன் தலைநகர் போத்கோரிட்சாவின் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டார்கள். மூளை அறுவை செய்யும் டாக்டர் வந்தாள்: நாற்பது வயதுப் பெண், உயரம், முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே வுகாஷினின் கண் வெள்ளைக் கோட்டில் தைத்திருந்த பெயரில் விழுந்தது. சென்கா மில்யாக். ஓப்ரெனுக்கு ஒரு மகள் டாக்டராக இருக்கிறாள் என்று ஊரில் பேசிக்கொள்வதை அவர் காதில் வாங்கியதில்லை. அந்த வீட்டைப் பற்றிய எதையும் அவர் காதில் வாங்குவதில்லை.

அவளும் ஸ்கேன் படத்தின் மூலையில் இருந்த பெயரைப் படித்திருந்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை.

"மண்டையோட்டுக்கு அடியில ரத்தம் கட்டியிருக்கு. மூளையும் வீங்கிக்கிட்டே போகுது" என்றாள். "மண்டையோடு விரிஞ்சு குடுக்காது, ஐயா. வீங்குற மூளைக்கு உள்ள இடம் இல்ல, கீழ்ப்பக்கமா நசுங்குது. அது நசுங்கினா மூச்சு நிக்கும். வலது பக்கத்து எலும்பை உள்ளங்கையை விடப் பெருசா வெட்டி எடுத்துட்டு, ரத்தத்தை வெளியேத்தணும். வீக்கம் முழுசா வடியுற வரைக்கும் எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. மாசக்கணக்குல ஆகும்."

பிளகோத்தா நடுவில் புகுந்தார். வேறு டாக்டர் இல்லையா என்றார். இன்று இங்கே நான்தான் என்றாள். பெல்கிரேடுக்குக் கொண்டு போகிறோம் என்றார். போகலாம், ஆனால் உயிரோடு போய்ச் சேர மாட்டார் என்றாள். பிளகோத்தா வுகாஷினின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அண்ணே, தாத்தன் கல்லால உடைச்சான். பேத்தி கத்தியால திறக்கப் போறா. கோரானிச் தலையத் தூக்கி மில்யாக் மடியில வைக்கப் போறியா?"

வுகாஷின் கையை விடுவித்துக்கொண்டு அவளிடம் திரும்பினார்.

"விழுந்ததும் எழுந்துட்டான். சிரிச்சான். கொடியை எடுத்து முத்தம் குடுத்தான். அவ்வளவு நல்லா இருந்தவன் எப்படி இப்படி ஆனான்?"

"இந்த மாதிரி அடியில அப்படித்தான் ஆகும். எழுந்து நடப்பாங்க, பேசுவாங்க. உள்ள ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சேரும். வீட்டுக்குப் போயி நல்லா சாப்பிடக்கூடச் செய்வாங்க, அப்பறம் படுப்பாங்க..."

அங்கே அவள் குரல் நின்றது. சொன்னது என்னவென்று சொல்லி முடித்தபின்தான் அவளுக்குத் தெரிந்தது.

"சாப்பிடுவாங்களா?" என்றார் வுகாஷின்.

"சாப்பிடுவாங்க."

"தட்டு நிறைய?"

"தட்டு நிறைய." அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும், ஐயா. யார் முன்னால கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். அது அப்பறம். இப்பக் கையெழுத்துப் போடுங்க."

அந்த இடத்தில் வேறொருவர் பேரம் பேசியிருக்கலாம். சபையில் வந்து சொல்வேன் என்று சத்தியம் செய், பிறகு கையெழுத்து என்று கேட்டிருக்கலாம். மகன் தலையைத் தராசில் வைத்து அப்பா பேரை வாங்குவது கோரானிச் வீட்டுப் பழக்கம் இல்லை. வுகாஷின் பேனாவை வாங்கி, தன் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் தெளிவாக எழுதினார்.

தலைமுடியை மழிப்பது அங்கே நர்ஸ்கள் வேலை. சென்கா மில்யாக் மட்டும் அதை யாருக்கும் விட மாட்டாள். தன் கத்தி போகும் தோலில் வேறொருவர் கீறல் விழக் கூடாது என்பது அவள் பிடிவாதம். திறந்திருந்த கதவின் வழியே வுகாஷின் பார்த்தார். தள்ளுகட்டிலின் தலைப்பக்கம் நின்று அவள் மெஷினை ஓட்ட, ராஷ்கோவின் அடர்ந்த கறுப்பு முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. அவர் வாசல்படியில் போய் நின்றார்.

"அந்த முடியைக் குப்பையில போடாதீங்க."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. மலையில் பிறந்தவளுக்குத் தெரியும். முடியை அள்ளிப் புதுக் கையுறை ஒன்றுக்குள் போட்டு, அதன் வாயை முடிந்து கொடுத்தாள். வுகாஷின் அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார்.

அறுவை முடிந்து அவள் வெளியே வந்தபோது முகமூடி அழுத்திய தழும்பு கன்னத்தில் சிவந்திருந்தது. ரத்தத்தை எடுத்தாகிவிட்டது, மூளைக்கு இடம் கிடைத்துவிட்டது, பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். வுகாஷின் தலையை மட்டும் அசைத்தார். மறுநாள் பிளகோத்தா யாரிடமோ விசாரித்துவிட்டு முகம் சிவக்க வந்தார். எலும்பு தலையில் இல்லையாம், மில்யாக்காரி எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். வுகாஷின் அவளைத் தேடிப் போனார்.

"எங்க வீட்டு எலும்பு ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு சொல்றாங்க."

"என்கிட்ட இல்ல, அவர்கிட்டயே இருக்கு. வயித்துத் தோலுக்கு அடியில பை மாதிரி இடம் பண்ணி உள்ள வச்சுத் தச்சிருக்கேன். உடம்புச் சூட்டுல கெடாம இருக்கும், பின்னால அதையே எடுத்து வச்சுக்கலாம்." பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், "கோரானிச் எலும்பை வச்சு நான் என்ன பண்ணப் போறேன், ஐயா? எங்க வீட்டுத் தொண்டையில ஏற்கெனவே ஒண்ணு சிக்கிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள்.

வுகாஷின் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு மகனிடம் திரும்பிப் போனார்.

ஐசியு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் எண் ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஏறிய ஒரு சாயங்காலம் சென்கா வீட்டுக்குப் போகவில்லை. மருந்தை மாற்றி, தலைமாட்டை உயர்த்தி, அது இறங்கும்வரை திரையின் முன்னாலேயே நின்றாள். அதையும் அவர் பார்த்தார். குழாயை எடுத்த அன்று ராஷ்கோ நாக்கு புரளாமல் ஏதோ கேட்டான். அவர் காதை அருகில் கொண்டுபோனார்.

"ஆப்பிள் விழுந்துச்சா?"

"விழுந்துச்சுடா" என்றார்.

வீட்டுக்கு வந்தவனின் தலை வலது பக்கம் உள்வாங்கி, பள்ளமாக இருந்தது. தோலுக்கு அடியில் நாடி துடிப்பது தெரிந்தது. இடது கை இன்னும் முழுதாகச் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. வெளியே போகும்போது தலைக்காப்பு போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தாள். ராஷ்கோ அதைப் போட்டுக்கொண்டு, பசித்தால் தனக்கு மண்டைதான் முதலில் உறுமுகிறது என்று வயிற்றைத் தடவிக் காட்டுவான்.

பங்காளிகள் சிரிக்கவில்லை. நவம்பரில் வீட்டுக் காவல் புனிதரின் திருநாள் வந்தது. முந்தின வாரம் பிளகோத்தா வந்து, எலும்பைத் திரும்ப வைக்கும்வரை ராஷ்கோவை மேல்மாடி அறையில் இருக்கச் சொல்லலாம் என்றார். ஊரே வரும், பரிதாபமாகப் பார்க்கும். போதாததற்கு, கோரானிச் தலையில் மில்யாக் குழி வெட்டிவிட்டாள் என்று கீழூரில் ஏற்கெனவே பேச்சு.

"குழி விழுந்த தலைதான். குனிஞ்ச தலை இல்ல" என்றார் வுகாஷின். "எனக்கு வலது பக்கம் உக்காருவான். பாக்குறவன் பாக்கட்டும்."

திருநாளுக்கு எங்கள் பக்கம் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. வீட்டுத் தலைவர் அன்று முழுக்க உட்காராமல் நின்றபடியே விருந்தாளிகளைக் கவனிக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றி, ரொட்டி வெட்டி, மேசை நிறைய ஆட்கள் இருந்தபோது கதவு திறந்தது. சென்கா மில்யாக் உள்ளே வந்தாள். கையில் ஒரு பாட்டில் ஒயின். மில்யாக் வீட்டுக் கால் அந்த வாசலை மிதித்ததை அங்கே இருந்த யாரும் பார்த்ததில்லை.

"திருநாள் வாழ்த்துகள், வீட்டுக்காரரே."

"வாங்க, டாக்டரம்மா. வீடு உங்களுது."

அவள் உட்காரவில்லை. முதலில் ராஷ்கோவிடம் போய், தலையை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தாள். பிறகு மேசையின் பக்கம் திரும்பினாள்.

"நான் ஒண்ணு சொல்ல வந்தேன். தோதோர் கோரானிச் தலையில கல்லை எறிஞ்சது பெரிஷா மில்யாக், என் தாத்தா. அடிபட்டவர் நடந்து வீட்டுக்கு வந்தார், களி சாப்பிட்டார், அந்தக் கல்லாலதான் செத்தார். டாக்டராச் சொல்றேன். மில்யாக் வீட்டுப் பொண்ணாவும் சொல்றேன்."

பிளகோத்தா கோப்பையை மேசையில் வைத்தார்.

"பொண்ணு சொன்னா வீடு சொன்ன மாதிரி ஆகுமா? உங்கப்பன் எங்க இருக்கான்மா?"

"வெளியில கார்ல இருக்கார். எங்க போறோம்னு தெரியாமத்தான் ஏறினார். கேட்டைப் பாத்ததும் இறங்க மாட்டேன்னார். திரும்பப் போகலாம்னார். நான் சாவியை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

ராஷ்கோ வாய்விட்டுச் சிரித்தான். வுகாஷின் உள்ளறைக்குப் போய், புனிதரின் படத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கையுறையை எடுத்து வந்து மேசைமேல், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். முடிச்சை அவிழ்த்தார். கறுப்பு முடி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பளபளத்தது.

மேசையிலிருந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குழந்தையின் முதல் முடியை வெட்டுகிறவர் அந்த வீட்டுக்குக் கூம் ஆகிவிடுவார். கூம் உறவு ரத்த உறவுக்கும் மேலே. பகை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு முடி வெட்டச் சொல்லிப் பழைய ரத்தத்தைக் கழுவிய வீடுகள் எத்தனையோ உண்டு. கூம் வீட்டாரைப் பகைத்தவனுக்கு மன்னிப்பு இல்லை.

"அண்ணே, இது ஆஸ்பத்திரியில அடிச்ச மொட்டை" என்றார் பிளகோத்தா. "குழந்தையும் இல்ல, பாதிரியாரும் இல்ல, முப்பது வயசுத் தடியன். பங்காளிகளைக் கேக்காம கூம் கட்ட முடியாது."

"செத்தவன் திரும்பிப் பொறந்தான். பொறந்தவனுக்கு இதுதான் முதல் முடி. வெட்டினது இவங்க." வுகாஷின் மேசையைச் சுற்றிலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "ரத்தம் வாங்குன்னு சொன்னப்ப உங்க பேச்சை நான் கேக்கல. இப்ப மட்டும் கேப்பேன்னு நினைச்சீங்களா? ஒத்துக்காதவன் எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கு."

யாரும் எழவில்லை. பிளகோத்தா தன் கோப்பையைப் பார்த்தார், ராஷ்கோவின் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு நகர்ந்து டாக்டருக்கு இடம் விட்டார்.

வுகாஷின் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டு நிறையக் களியை எடுத்துக்கொண்டார். மேலே ஆடைத் தயிர் ஊற்றினார். முதுகை வளைக்காமல் முற்றத்தைக் கடந்து கேட்டுக்கு வெளியே போனார். பின்னாலேயே எல்லாரும் வந்து மதிலோரம் நின்றார்கள். ஓப்ரென் மில்யாக் காரின் முன் சீட்டில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் இத்தனை அருகில் பார்த்ததில்லை.

வுகாஷின் ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினார்.

"நான் எதையும் சொல்ல வரல" என்றார் ஓப்ரென்.

"சொல்லச் சொல்லல. திருநாள் சாப்பாடு. வேண்டாம்னா புனிதர்கிட்டச் சொல்லிக்கோ."

அதை மறுக்க எந்த மலைக்காரனாலும் முடியாது. ஓப்ரென் தட்டை வாங்கினார். முதல் கரண்டி மெதுவாகப் போனது. கரண்டி தட்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வுகாஷின் கதவுக்குப் பக்கத்தில் காவல்காரரைப்போல நின்றார். ஓப்ரென் கடைசித் துணுக்குவரை வழித்துச் சாப்பிட்டார். மீதி வைத்தால் அதுவும் ஒரு பேச்சாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"முழுத் தட்டும்?"

"முழுசும்."

"இது ஆளைக் கொல்லுமா, ஓப்ரென்?"

ஓப்ரென் வழித்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிலோரம் மகள் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நிற்பதையும், அவளுக்குப் பக்கத்தில் அவள் பிளந்து மூடிய தலையோடு ஒருவன் நிமிர்ந்து நிற்பதையும் நிமிர்ந்து பார்த்தார்.

"கொல்லாது" என்றார்.

வுகாஷின் கார்க் கதவைத் திறந்தார். கை கொடுத்துத் தூக்கவில்லை. கதவைப் பிடித்தபடி, நெட்டுக்குத்தாக நின்று காத்திருந்தார்.

"அப்ப இறங்கு. கூம் வீட்டு ஆளு வாசல்ல உக்காரக் கூடாது."